தலைமுடி கனத்தில் ஒரு பித்தளை

எனக்கு ஓரிடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் இதைக் கவனித்த என் மனைவி, "ஏதாவது அவசரமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. ரசம் தளும்பாமல் இருக்கக் கிண்ணத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் குஷாய்குடா பக்கத்தில் இருந்த பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. தரப் பரிசோதனைப் பிரிவு. வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே அனுப்ப வேண்டும். திருச்சியில் படிப்பு முடிந்த கையோடு பரீட்சை எழுதி வாங்கிய வேலை. இதைக் கல்யாணத்துக்காக விடமாட்டேன் என்று நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டாள். ஐதராபாத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கா பஞ்சம் என்று நான்தான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். மதுரையில் என் சித்தப்பா ஒருவர் இன்றுவரை என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்றுதான் விசாரிக்கிறார். மாமனார் வீடு திருச்சியில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

வீடு குஷாய்குடாவில், என் ஆபீஸ் மாதாப்பூரில். ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தினமும் கம்பெனி வேனில் போய் வர வேண்டும். நான்கு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியிருந்தேன். புது இடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆனால் போதும், மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று மனசு அலைய ஆரம்பித்துவிடும். அவளோ சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேஜை, ஒரே மைக்ரோமீட்டர். எப்படித்தான் முடிகிறதோ என்று எனக்கு ஆச்சரியமாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்தச் சமயத்தில் ஆபீஸில் எல்லோரும் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் பழைய ஃபிலிம் கேமராவை என் தலையில் கட்டினார். ஆட்டோஃபோகஸ் கேமரா. பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் தானாக ஓடி ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நன்றாகத்தான் பிடித்தது. வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மகளின் முகத்தைப் பிடிக்கச் சொன்னால் போச்சு. கிர்ரென்று முன்னால் போகும், கிர்ரென்று பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். எதிலும் நிற்காது. மகளுக்கு அப்போது மூன்று வயது. லென்ஸ் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள்.

"என்னங்க இது, உங்கள மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

கல்லூரி ஹாஸ்டலில் ஒருவனிடம் முழுக்கக் கையால் இயக்குகிற பழைய கேமரா இருந்தது. அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. ஃபோகஸ் ஆகாதவரை எதிரில் இருப்பவரின் முகம் அந்தக் கோட்டில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி இன்னொரு பக்கமுமாக விலகி நிற்கும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு பாதியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கணத்தில் அழுத்த வேண்டியதுதான். அந்த வட்டம் இருப்பது தபால்தலை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் திரையில். லென்ஸ் வழியாக வரும் பிம்பம் உள்ளேயிருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே ஏறி அந்தத் திரையில் விழும், நம் கண் பார்ப்பது அதைத்தான். ஆட்டோஃபோகஸ் வந்ததும் வட்டத்தை எடுத்துவிட்டு வெறும் திரையை வைத்துவிட்டார்கள். கேமராவே பார்த்துக்கொள்ளும், உனக்கெதற்கு என்று.

பழைய கேமரா ஒன்றின் திரையைக் கழற்றி இதில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டால் எனக்கு அன்றே நடந்தாக வேண்டும். வியாழக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தைக்காக லீவு போட்டேன். மின்விசிறி றெக்கைகளுக்கும் உடைந்த டெலிபோன்களுக்கும் நடுவில் ஒரு கேமரா கிடந்தது. ஷட்டர் இறுகிப்போயிருந்தது, ஆனால் உள்ளே வட்டம் தெரிந்தது.

"ஏ தோ மர் கயா சாப், கைக்கு லேரே?" என்றார் கடைக்காரர். செத்துப்போனதை எதற்கு வாங்குகிறீர்கள் என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. இதன் கண் மட்டும் எனக்கு வேண்டும் என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவர் கேமராவைத் துடைத்து, நாய்க்குட்டியைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். பழைய கேமராவிலிருந்து எடுத்த திரை ஓரத்தில் கொஞ்சம் அகலம். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, திரையின் விளிம்பை மட்டும் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு என் கேமராவின் லென்ஸைக் கழற்றி, மனைவி புருவம் திருத்த வைத்திருந்த ப்ளக்கரை உள்ளே விட்டு, மேலே இருந்த சின்னக் கொக்கியை நெம்பினேன். திரை தொப்பென்று இறங்கியது. எடுத்து வைத்துவிட்டு, புதுத் திரையை ஏற்றிக் கொக்கியை மாட்டினேன். மூச்சுகூட விடவில்லை.

லென்ஸைப் போட்டுச் சுவர் காலண்டரைப் பார்த்தேன். தேதி நடுவில் வெட்டுப்பட்டு நின்றது. திருகினேன், ஒட்டிக்கொண்டது. "வந்திருச்சு!" என்று கத்தினேன். மகள் பயந்து அழுதாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை. கையோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, திரை மாற்றிய பெருமையை யாருக்காவது எழுதலாம் என்று மெயிலைத் திறந்தால், மேனேஜரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவில் இரண்டு வருஷ வேலை, குடும்பத்தோடு போகலாம், பெயர் உறுதியாகிவிட்டது.

பின்னாலிருந்து மனைவி என்னவோ கேட்டாள். மேஜையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். "குப்பையில போடு" என்றேன். மறுபடியும் என்னவோ சொன்னாள். "போடும்மா" என்றேன். கடிதத்தை நான் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குக் கிடைக்கும் விசாவில் அங்கே வேலை பார்க்க முடியாது. இரண்டு வருஷம் சம்பளமில்லாத லீவு கிடைக்குமா என்று தன் ஆபீஸில் விசாரித்தாள். இப்போதைக்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் ராஜினாமாதான் என்றேன். நானே கடிதத்தை டைப் செய்து அச்செடுத்துக் கொண்டுவந்தேன். "ரெண்டு வருஷம்தான். வந்து வேற வேலை தேடிக்கலாம். சரியா?" என்றேன். "சரி" என்றாள். அவள் எதற்கும் சரி என்பவள். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் நான்கு வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமை. கடிதத்தைக் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் மேல் அவள் அடையாள அட்டை வைக்கிற தட்டில் வைத்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. தினமும் காலையில் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். கவர் அங்கேயே இருந்தது.

எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஊரை விட்டுப் போகப்போகிறோம், எல்லாவற்றையும் படம் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஒரு ரோல், முப்பத்தாறு படம். வீட்டு கேட், மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்துத் தெரு அக்காவின் வாசல், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த மனைவியின் அத்தை வீடு, தொழிற்சாலை எதிரே இருந்த பஸ் ஸ்டாப். எங்கே நிறுத்தினாலும் மகள் ஓடுவாள். "நக்கோப்பா! நக்கோ!" என்பாள். அந்த அக்கா வீட்டில் கற்றுக்கொண்ட வார்த்தை, வேண்டாம் என்று அர்த்தம். அதனால் மனைவி பின்னால் குத்துக்காலிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொள்வாள். நான் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, வட்டத்துக்குள் மகளின் கண்ணைக் கொண்டுவந்து, இரண்டு பாதியையும் ஒட்டவைத்து அழுத்துவேன்.

ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. கையால் திருகும்போதும், ஃபோகஸ் சரி என்று தனக்குத் தோன்றினால் அந்தக் கேமரா கீழே ஒரு பச்சை விளக்கைக் காட்டும். திரை மாற்றிய பிறகு வட்டத்தில் முகம் ஒட்டினால் விளக்கு அணைந்தது, விளக்கு எரிந்தால் முகம் விலகியது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. நான் என் கண்ணைத்தான் நம்பினேன். மெஷினுக்கு என்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன்.

கடைசித் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, செகந்திராபாத்தில் கழுவக் கொடுத்திருந்த ரோலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கவரை நீட்டிவிட்டு, "ஃபோகஸ் அந்தா போயிந்தி சார்" என்றார். ஃபோகஸ் மொத்தமும் போச்சாம். இருக்காது, உங்கள் மெஷின் கோளாறாக இருக்கும் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் தோளைக் குலுக்கினார். எதிரே இருந்த இரானி ஹோட்டலில் சாயா சொல்லிவிட்டுப் படங்களை மேஜையில் பரப்பினேன்.

எந்தப் படத்திலும் மகளுக்கு முகமே இல்லை. தண்ணீர் தெளித்த கோலம் மாதிரி கண்ணும் மூக்கும் கலைந்திருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எனக்கு அழுகை வராத குறை. பஸ் ஸ்டாப் படத்தில்தான் கவனித்தேன், படம் மொத்தமும் கெடவில்லை. மகளுக்குப் பின்னால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி எல்லாம் துல்லியமாக இருந்தது. நெற்றியில் விழுந்த ஒற்றை முடி தெரிந்தது. தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு தெரிந்தது. என் மனைவியின் முகம் தெரிந்தது.

முதலிலிருந்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை அவளை மட்டும். நான் ஒரு படத்திலும் அவளைக் குறிவைக்கவில்லை. மகள் ஓடாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், அவ்வளவுதான். அவள் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் வண்டி எந்த பிளாட்பாரம் என்று சொல்வார்களா என அறிவிப்புக்குக் காத்து நிற்பவர்களின் பார்வை. நாலு வாரமாக அதே பார்வை. பஸ் ஸ்டாப்பில் மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பித் தொழிற்சாலை கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் சரி என்று சொன்னது சரியே இல்லை என்று, யாரும் சொல்லாமல், அங்கேயே தெரிந்துவிட்டது. சாயாவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதையா பேசினேன்? மனசில் இருப்பதைப் பேசும் ஆளாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன். "அந்தச் சந்தைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான். திரையே கோளாறு" என்று ஆரம்பித்தேன். மனைவி படங்களை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். ஆபீஸில் பாகங்களைப் பார்ப்பதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து போய்த் தையல் டப்பாவை எடுத்து வந்தாள். அதிலிருந்து ஒரு மடித்த காகிதம். காகிதத்துக்குள் திரையின் அளவிலேயே ஒரு சட்டம், நடுவில் ஒன்றுமில்லாமல் வெறும் விளிம்பு மட்டும். பித்தளை. ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது.

"என்னது இது?"

"ஷிம். அளவு சரியா இருக்க இடையில வைக்கிற தகடு. உங்க கேமராவோடதுதான். அன்னிக்குத் திரையோட சேர்ந்து பேப்பர்ல விழுந்துச்சு."

நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று தலைமுடி கனம்தான் இருக்கும்.

"பாயிண்ட் டூ எம்எம். ஆபீஸ்ல மைக்ரோமீட்டர்ல வெச்சுப் பார்த்தேன்" என்றாள். "இது திரைக்கு மேல உக்காரணும். இது இல்லன்னா திரை அந்த அளவுக்கு மேல ஏறிடும். உங்க கண்ணுக்கு ஒட்டுற இடம் வேற, ஃபிலிம்ல ஒட்டுற இடம் வேற ஆயிடும். அதான் பின்னாடி இருக்கறது விழுந்திருக்கு. அந்தப் பச்சை லைட்டு சரியாத்தான் சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னேனே. இது ஷிம் மாதிரி இருக்குங்க, முக்கியமான பார்ட்டா இருக்கும்னு ரெண்டு தடவ சொன்னேன். குப்பையில போடுன்னீங்க."

"அப்ப ஏன் போடல?"

"நீங்க திரும்பிப் பார்த்துட்டுச் சொல்லியிருந்தா போட்டிருப்பேன்."

மகள் தரையில் உட்கார்ந்து படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, அம்மா, இக்கட கூட அம்மா" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். தெலுங்கும் தமிழுமாக அவள் சொன்னது சரிதான், எல்லாவற்றிலும் அம்மாதான் இருந்தாள்.

"அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டியா?" என்றேன்.

"இல்ல."

"சரின்னியே."

"நீங்க என்னைக் கேட்கலையே. டைப் பண்ணிக் கொண்டாந்து வெச்சுட்டு சரியான்னீங்க."

"இப்பக் கேக்குறேன்."

என் கால் ஆடியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா இருந்ததுதான் நான் அதுவரை செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

"எனக்கு இந்த வேலைய விட இஷ்டமில்ல" என்றாள். "ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். பொண்ணு பார்க்க வந்தப்பவே சொன்னேன். அங்க வந்து ரெண்டு வருஷம் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது. நீங்க போகணும்னா போயிட்டு வாங்க. நானும் பாப்பாவும் இங்க இருக்கோம்."

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது கோபம்தான். இதை நாலு வாரத்துக்கு முன்னால் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன, நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேனே என்று கத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வாயைத் திறந்து இரண்டு தடவை சொன்னாளே என்பது நடக்க நடக்கத்தான் உறைத்தது. கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் கீழே இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே அந்த ப்ளக்கரை எடுத்து, திரையை இறக்கி, பித்தளைச் சட்டத்தை அதன் இடத்தில் வைத்து மூடினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் ஒட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. திங்கட்கிழமை காலை அவள் அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, ஃப்ரிட்ஜ் மேலிருந்த கவரை எடுத்துக் கிழித்து நானே குப்பையில் போட்டேன்.

ஆனாலும் நான் போனேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. அப்போது விமான நிலையம் பேகம்பேட்டையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. எடுக்கக் கை வரவில்லை.

அங்கே போய் முதல் மூன்று மாதம் பரபரவென்று போனது. நாலாவது மாதத்திலிருந்து அடுத்து எங்கே போகலாம் என்று வழக்கம்போல் மனசு தேட ஆரம்பித்தது. தேடிப் பார்த்தால் ஒரு இடமும் அகப்படவில்லை. சனி, ஞாயிறுகளில் கேமராவை எடுத்துக்கொண்டு நடந்தேன். பனி மூடிய கார் நிறுத்துமிடம், மூடிய கடைகள், மரம், மறுபடியும் கார் நிறுத்துமிடம். ஒரு ரோல் முடிந்ததும் கழுவி, படங்களைத் தபாலில் குஷாய்குடாவுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றும் ஊசிமுனைத் தெளிவு. அவள் பாராட்டுவாள் என்று உள்ளூர ஆசை.

படங்கள் கிடைத்த அன்று போன் செய்தாள். நான் ஆபீஸில் ஏதோ மெயிலைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

"எல்லாம் ஷார்ப்பா இருக்கு. ஷிம் நல்லா உக்காந்திருக்கு" என்றாள்.

"பார்த்தியா" என்றேன்.

"ஆனா ஒண்ணுலயும் ஆளே இல்லையே."

பின்னணியில் மகள் தெலுங்கில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

"எப்ப வர்றீங்க?" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

மானிட்டரை அணைத்தேன். அவளுக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் நாற்காலியை முழுக்கத் திருப்பி, மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அதன் பிறகுதான் பதில் சொன்னேன்.